அத்தியாயம் 9: காற்று, ஆழம், வேகம் – பழைய கருவிகளைக் கழற்றிப் புதியவற்றைப் பொருத்துதல்

காக்பிட்டில் வரிசையாக இருக்கும் கருவிகளில் ஒன்று இருண்டுவிட்டால் பலரும் முதலில் செய்வது புதிய டிஸ்பிளேக்கு விலை விசாரிப்பதுதான். டிஸ்பிளே மாற்றுவது நாலு திருகும் ஒரு கனெக்டரும் சேர்ந்த சின்ன வேலை. மீதி வேலை முழுவதும் கண்ணில் படாத இடங்களில் இருக்கிறது: படகின் அடியில் போட்ட துளையில், பாய்மரத்துக்குள் ஓடும் கேபிளில், எந்தக் கருவி எதற்குத் தகவல் கொடுக்கிறது என்று யாரும் எழுதிவைக்காத கணக்கில். இந்த அத்தியாயம் அந்த வரிசையிலேயே போகிறது. டிஸ்பிளே கடைசியில்தான் வரும்.

ஒரு படகை மனத்தில் வைத்துக்கொள்வோம். நீளம் 10 முதல் 12 மீட்டர், ஃபைபர்கிளாஸ் உடல், 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டியது. காற்று, ஆழம், வேகம் காட்ட ரேமரைன் எஸ்டி60 வகைக் கருவிகள் மூன்று. அதே காலத்து ஆட்டோபைலட் ஒன்று, விஎச்எஃப் ரேடியோ ஒன்று. லங்காவியிலோ பூக்கெட்டிலோ அடிப்பூச்சு அடிக்கக் கரையேற்றி நிறுத்திய படகுகளுக்கு நடுவே நடந்தால் இப்படிப்பட்டவை நிறையக் கண்ணில் படும். உங்கள் கருவிகள் வேறு நிறுவனத்துடையவை என்றாலும் வேலையின் வரிசை மாறாது.

## முதலில்: உண்மையிலேயே போய்விட்டதா?

பணம் செலவழிப்பதற்கு முன் ஒரு மல்டிமீட்டரோடு உட்காருங்கள். ‘செத்துவிட்டது’ என்று சொல்லப்படும் கருவிகளில் பல, பச்சை பூத்த ஒரு கனெக்டரால் மயங்கிக் கிடப்பவை.

1. கருவியின் முதுகில் வரும் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். எல்லாக் கருவிகளும் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்து கருவியிடம் 11 தான் வந்தால் குற்றம் வயரில் இருக்கிறது.
2. பின்பக்கத் தகட்டு முனைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுத்தம் செய்து திரும்பச் செருகுங்கள். செம்பு பச்சையாகியிருந்தால், பளபளப்பான செம்பு தெரியும்வரை வயரை வெட்டிப் புது முனை போடுங்கள். பளபளப்பே தெரியவில்லையா? அந்த வயர் முழுவதும் போயிற்று.
3. வேகம் பூஜ்யம் காட்டினால் முதல் சந்தேகம் அடியில் சுழலும் சின்னச் சக்கரத்தின் மேல்தான் இருக்க வேண்டும். வெப்பக் கடலில் சில வாரம் நின்றாலே சிப்பியும் பாசியும் அதைப் பிடித்துக்கொள்ளும்.
4. காற்றுக் கருவிக்கு எஸ்டி60 வகையில் எளிய சோதனை உண்டு. சென்சார் முனைகளில் சிவப்புக்கும் ஷீல்டுக்கும் இடையே ஏறத்தாழ 8 வோல்ட் வந்தால் டிஸ்பிளே தன் வேலையைச் செய்கிறது. உச்சியில் காற்றுமுள் திரும்பத் திரும்ப, பச்சையிலும் நீலத்திலும் அளவு ஏறத்தாழ 2-க்கும் 6-க்கும் இடையே மாற வேண்டும். மாறவில்லை என்றால் குறை மேலே உள்ள சென்சாரிலோ நடுவில் உள்ள கேபிளிலோ இருக்கிறது.

வெயிலில் எல்சிடி கறுத்துப்போனால் அதற்கு வைத்தியம் கிடையாது. பழைய ஜிபிஎஸ் கருவி தேதியைத் தாறுமாறாகக் காட்டினாலும் அப்படித்தான். ஜிபிஎஸ் தன் வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வருகிறது. கடைசியாக அப்படி வந்தது 2019 ஏப்ரல் 6 அன்று. அதற்குத் தயாராக இல்லாத கருவிகள் ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னால் போய்விட்டன. அவற்றுள் பல இருப்பிடத்தைச் சரியாகவே காட்டுகின்றன, தேதி மட்டும் தப்பு. அந்தத் தேதியை நம்பி ஓதம் கணக்கிடாதீர்கள்.

## எது எதற்குப் பேசுகிறது

ஒரு பெரிய தாளை எடுத்து ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெட்டி வரையுங்கள். பெட்டிகளுக்கு நடுவே ஓடும் வயரை எல்லாம் கோடாக வரைந்து, நிறத்தையும் குறித்துவையுங்கள். அலுப்பான வேலைதான். ஆனாலும் இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

நம் படகில் மூன்று விதமான பேச்சுமொழி கலந்திருக்கலாம்:

- சீடாக்: ஆட்டோஹெல்ம், ரேமரைன் கருவிகளின் பழைய மொழி. வயர் மூன்றே மூன்று: சிவப்பு 12 வோல்ட், மஞ்சள் தகவல், ஷீல்டு எதிர்முனை.
- என்எம்இஏ 0183: எல்லா நிறுவனங்களுக்கும் பொது. ஒருவர் பேச மற்றவர் கேட்கலாம், அவ்வளவுதான். வேகம் வழக்கமாக நொடிக்கு 4800 பிட்.
- என்எம்இஏ 2000: இப்போது விற்கும் கருவிகளின் மொழி. நொடிக்கு 2,50,000 பிட். எல்லாக் கருவிகளும் ஒரே கேபிளில் பேசும், கேட்கும்.

வரைந்து முடித்தபின் இரண்டு கோடுகளைத் தேடிப் பாருங்கள். ஒன்று, ஜிபிஎஸ்ஸிலிருந்து விஎச்எஃப் ரேடியோவுக்குப் போகும் மெல்லிய 0183 வயர். ரேடியோவின் சிவப்பு அபாயப் பொத்தானை அழுத்தும்போது 70-ஆம் சேனலில் உங்கள் இருப்பிடம் போவது அந்த வயரின் தயவில்தான். பழைய ஜிபிஎஸ்ஸைத் தூக்கிப் போடும்போது அந்த வயரும் கூடவே போய்விடும். ரேடியோ வழக்கம்போலப் பேசும், எல்லாம் சரி என்று நினைப்பீர்கள். ஆபத்து நாளில் அழைப்பு மட்டும் போகும், எங்கே இருக்கிறீர்கள் என்பது போகாது. இரண்டாவது, காற்றுக் கருவியிலிருந்து ஆட்டோபைலட்டுக்குப் போகும் கோடு. ‘காற்றின் கோணத்தைப் பிடித்து ஓட்டு’ என்ற கட்டளைக்கு அந்தத் தகவல் வேண்டும்.

> குறிப்பு: கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பையும் போனில் படம் எடுங்கள். வயரின் இரு முனைகளிலும் ஒரே எண் எழுதிய ஒட்டுச்சீட்டைச் சுற்றுங்கள். ‘நினைவில் இருக்கும்’ என்ற நம்பிக்கை மதியச் சாப்பாட்டுக்குப் பின் நிற்பதில்லை.

## எந்த வழியில் போவது

அதே மாடலைப் பழையதாக வாங்குவது. ஒரு டிஸ்பிளே மட்டும் போயிருக்கிறது, மற்ற எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் செலவு குறைந்த வழி இதுதான். ஆனால் அந்தப் பழைய கருவிக்கும் வயது உங்களுடையதன் வயதுதான்.

பாலம் போடுவது. ஆட்டோபைலட் உறுதியாக இருந்தால் அதை விட்டுவையுங்கள். மற்றவற்றைப் புதிதாக்கிவிட்டு, சீடாக்கையும் என்எம்இஏ 2000-ஐயும் இணைக்கும் கன்வெர்ட்டர் போடலாம். பழைய அனலாக் சென்சார்களைப் புதிய வலைக்கு மொழிபெயர்க்க ஐடிசி-5 போன்ற பெட்டிகளும் உண்டு. கவனம் வேண்டிய இடம் மின்சாரம்: பழைய சீடாக் வலைக்கு ஆட்டோபைலட் ஒருபக்கம், கன்வெர்ட்டர் மறுபக்கம் என இரண்டு வழியாக 12 வோல்ட் நுழையக் கூடாது. எந்தச் சிவப்பு வயரை இணைக்காமல் விடவேண்டும் என்பது கன்வெர்ட்டரின் கையேட்டில் படத்தோடு இருக்கும்.

முழுவதும் மாற்றுவது. சென்சார், கேபிள், டிஸ்பிளே எல்லாமே புதிது.

என் பரிந்துரை: ஆட்டோபைலட் நன்றாக இருந்தால் இரண்டாவது வழி, இல்லாவிட்டால் மூன்றாவது. செய்யவே கூடாத ஒன்று உண்டு. இருபத்தைந்து வயதான பாய்மரக் கேபிளின் முனையில் பளபளக்கும் புது டிஸ்பிளேயை மாட்டுவது. ஆறு மாதத்தில் மறுபடி பாய்மரம் ஏற வேண்டியிருக்கும்.

## கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், ராட்செட் வகைக் கிரிம்பிங் கருவி, உள்ளே பசை உள்ள ஹீட்-ஷ்ரிங்க் முனைகள், வெள்ளீயம் பூசிய கடல்தர வயர், கேபிளை இழுக்க மெல்லிய உறுதியான கயிறு, கடல்தர சீலன்ட், அடித்துளைக்கான மூடி, மரக்கூம்பு. ஈயப் பற்று மட்டும் வைத்து வயரை இணைக்காதீர்கள். ஓயாத அதிர்வில் பற்று முடியும் இடத்தில் வயர் ஒடியும். படகு மின்வேலைக்கான அமெரிக்க விதிகளும் ஈயப் பற்றையே ஒரே பிடிப்பாக நம்பக் கூடாது என்கின்றன.

## கழற்றும் நாள்

1. கரை மின்சாரத்தைப் பிடுங்குங்கள். பேட்டரியின் பிரதான சுவிட்சை அணையுங்கள். கருவிகளுக்கான ஃபியூஸை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.
2. பழைய டிஸ்பிளேயின் முன்சட்டத்தை எடுத்தால் திருகுகள் தெரியும். பின்னால் பெருவிரல் திருகுகள் இருக்கும் மாடல்களும் உண்டு. நெம்பாதீர்கள். காக்பிட் சுவரின் ஜெல்கோட் மெல்லியது.
3. வயரை வெட்டுவதற்கு முன் அது எதனுடையது என்று உங்கள் தாளில் பாருங்கள். பார்த்தபின்தான் வெட்டு.
4. பழைய கேபிளை வெறுமனே உருவி எடுத்துவிடாதீர்கள். அதன் வாலில் இழுகயிற்றைக் கட்டிவிட்டு இழுத்தால் புதிய கேபிளுக்கான பாதை தயாராகிவிடும். கூரைத் தகட்டுக்குப் பின்னால் அந்தப் பாதையை மறுபடி கண்டுபிடிப்பதற்குள் வாரக் கடைசி முடிந்துவிடும்.
5. உபயோகமில்லாத பழைய வயர்களை முழுதாக எடுத்துவிடுங்கள். ‘இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று விட்டவைதான் அடுத்து வருகிறவரைக் குழப்பும்.

## அடித்துளை: அவசரமே கூடாத இடம்

இந்த வேலையில் படகையே மூழ்கடிக்கக்கூடிய பகுதி இது ஒன்றுதான். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே உள்ள 51 மில்லிமீட்டர் துளை முழுதாகத் திறந்தால் நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வரும். கைபம்பு அதற்கு ஈடுகொடுக்காது. ஆகவே புதுத் துளை போடுவதும் பழையதை அடைப்பதும் கரையில்தான். அடிப்பூச்சுக்காகக் கரையேற்றும் சமயத்தோடு இந்த வேலையைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய படகில் ஆழத்துக்கு ஒரு துளை, வேகத்துக்கு ஒரு துளை என இரண்டு இருக்கும். இப்போது ஏர்மாரின் டிஎஸ்டி810 போன்றவை ஆழம், வேகம், நீர்வெப்பம் மூன்றையும் ஒரே 51 மில்லிமீட்டர் துளை வழியாகத் தருகின்றன. பழைய ஹவுசிங்கில் புதிய சென்சார் உட்காருமா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஹவுசிங்கின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்து, தயாரிப்பாளர் பட்டியலோடு ஒத்துப்பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் ஓ-ரிங் பிடிக்காது. உட்காருமானால் புதுத் துளையே வேண்டாம், பாதி வேலை மிச்சம்.

புதிய ஹவுசிங் வைக்க வேண்டியிருந்தால்:

1. இடம் தேர்ந்தெடுங்கள். துடுப்புபோல இறங்கும் கீல் உள்ள படகில், கீலுக்கு 30 முதல் 60 சென்டிமீட்டர் முன்னால். அங்கே நீர் கலங்காமல் ஓடும். கீலுக்குப் பின்னால் வைத்தால் வேகம் எப்போதும் பொய் சொல்லும்.
2. பொருள் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஃபைபர்கிளாஸ் உடலுக்குப் பிளாஸ்டிக், வெண்கலம் இரண்டும் ஆகும். மர உடலுக்குப் பிளாஸ்டிக் வேண்டாம், மரம் ஊறி வீங்கும்போது அது பிளந்துவிடும். இரும்பு, அலுமினிய உடலுக்கு வெண்கலம் வேண்டாம், உலோகம் உலோகத்தை அரிக்கும்.
3. உள்ளிருந்து 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு வெளியே போய்ப் பாருங்கள். இடம் சரிதானா? சரி என்றால் வெளியிலிருந்து ஹோல்-சா வைத்து வெட்டுங்கள்.
4. வெட்டிய வட்டத்தைக் கையில் எடுத்து விளிம்பைப் பாருங்கள். நடுவில் நுரையோ பால்சா மரமோ இருந்தால் உள்தோலையும் நடுப்பகுதியையும் அகலமாக எடுத்து, அந்த வளையத்தை எபாக்சியால் நிரப்பி, கெட்டியானபின் மறுபடி துளையிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் நீர் நடுப்பகுதிக்குள் ஊறி, சில ஆண்டுகளில் அடி மெத்தென்று ஆகிவிடும்.
5. சுற்றிலும் மணல்தாள் தேய்த்துத் துடையுங்கள். பிளாஸ்டிக் ஹவுசிங்கை அசிட்டோன் வைத்துத் துடைக்காதீர்கள், அது பிளாஸ்டிக்கைத் தின்னும்.
6. விளிம்பிலும் மரையிலும் சீலன்டைத் தாராளமாகப் பூசி, அம்புக்குறி அணியத்தை, அதாவது படகின் முன்முனையைப் பார்க்கும்படி பொருத்துங்கள். பிளாஸ்டிக் நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே சாதாரணச் சிலிக்கான் கூடவே கூடாது.
7. சீலன்ட் காய அதன் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தை முழுதாகக் கொடுங்கள். கிரேன்காரர் காத்திருக்கிறார் என்பதற்காகக் குறைக்காதீர்கள்.
8. படகு தண்ணீரில் இறங்கியதும் பட்டையைக் கழற்றுவதற்கு முன் உள்ளே போய் விரலால் தடவிப் பாருங்கள். கசிந்தால் அப்படியே மேலே தூக்கச் சொல்லுங்கள்.

உபயோகமில்லாத பழைய துளையை நிரந்தரமாக அடைக்க விரும்பினால், துளையைச் சுற்றி 1-க்கு 12 என்ற சரிவில் தேய்த்து ஃபைபர் அடுக்குகளை எபாக்சியோடு ஏற்ற வேண்டும். உடல் 10 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் சுற்றிலும் 120 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். இது பெரிய வேலை. நல்ல ஹவுசிங்காக இருந்தால் மூடியைப் போட்டு விட்டுவிடுவதில் தவறில்லை.

துளையே போட மனமில்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. உள்ளிருந்தே உடலின் ஊடாக ஆழம் பார்க்கும் ஏர்மார் பி79 வகை சென்சார். நடுவில் நுரையோ மரமோ இல்லாத கெட்டியான ஃபைபர்கிளாஸில் மட்டும்தான் இது வேலை செய்யும். இடத்தைச் சோதிக்க, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையை உடலின் உள்பக்கம் வைத்து, பைக்குள் சென்சாரை அழுத்திப் பாருங்கள். ஆழம் நிலையாக வந்தால் அங்கேயே பசை போட்டுப் பொருத்தலாம். வேகச் சக்கரம் மட்டும் இதில் கிடைக்காது.

> எச்சரிக்கை: மிதக்கும் படகில் சக்கரத்தைச் சுத்தம் செய்ய வெளியே எடுக்கும்போது, மூடியை மறு கையில் பிடித்துக்கொண்டு எடுங்கள். உள்ளே தடுப்பு நாக்கு இருக்கும் ஹவுசிங்கானாலும் அப்படித்தான். ஒரு சிப்பித் துண்டு சிக்கினாலே நாக்கு மூடாது. மூடியையும் மரக்கூம்பையும் ஹவுசிங்குக்குப் பக்கத்திலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

கரையில் இருக்கும்போது அடிப்பூச்சு அடிப்பவரிடம் சொல்லிவையுங்கள்: சென்சாரின் முகத்தில் நீர் கலந்த வகைப் பூச்சு மட்டும், அதுவும் மெல்லியதாக. கரைப்பான் கலந்தது அதன் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

## பாய்மர உச்சி

பாய்மரத்தை இறக்கிப் படுக்கவைக்கும் சந்தர்ப்பம் வந்தால் அதுதான் நல்ல நாள். இல்லாவிட்டால் ஏற வேண்டும். அல்லது ஏறத் தெரிந்தவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். இரண்டாவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏறுபவர் இருக்கையைப் பாய் ஏற்றும் கயிற்றின் நுனியில் முடிச்சிட்டே கட்ட வேண்டும். கயிற்று நுனியில் இருக்கும் விசைக்கொக்கியை நம்பக் கூடாது, அது திறந்துகொள்ளும். இரண்டாவது கயிறு ஒன்று தனியாக, வேறொரு வின்ச்சில், பாதுகாப்புக்காக வர வேண்டும். மின்சார வின்ச்சை வைத்து ஆளைத் தூக்கக் கூடாது. ஒவ்வொரு கருவியிலும் கயிறு கட்டியிருக்க வேண்டும். ஆள் மேலே இருக்கும்போது கீழே யாரும் நிற்கக் கூடாது. கயிறு பிடிப்பவர் போன் பேசக் கூடாது. பக்கத்தில் பெரிய படகு அலை கிளப்பிக்கொண்டு போகும் நேரத்தையும் தவிருங்கள். அடியில் விரல் அளவு ஆட்டம் உச்சியில் ஆளையே சுழற்றும்.

1. பழைய கேபிளின் மேல்முனையில் இழுகயிற்றைக் கட்டி, முடிச்சின் மேல் வழவழப்பாக டேப் சுற்றுங்கள். கீழே இருப்பவர் மெதுவாக இழுக்கட்டும், மேலே இருப்பவர் ஊட்டிவிடட்டும். சிக்கினால் பலம் காட்டாதீர்கள். சற்று மேலே இழுத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.
2. புதிய கேபிளை மேலிருந்து கீழாக இறக்குங்கள். பாய்மரத்துக்குள் கேபிளுக்கென்று தனிக்குழாய் இல்லாவிட்டால், அரை மீட்டருக்கு ஒன்றாக மூன்று பிளாஸ்டிக் கட்டுகளை வால் வெட்டாமல் மூன்று திசையில் நீட்டி மாட்டுங்கள். இரவில் கேபிள் உலோகத்தில் டக் டக்கென்று அடிக்காது.
3. கேபிளின் எடை கனெக்டரில் தொங்கக் கூடாது. உச்சியில் தனியாக ஒரு கயிற்றுப் பிடிப்பு கொடுங்கள்.
4. கேபிள் பாய்மரத்துக்குள் நுழையும் இடத்திலும் மேல்தளத்தைத் தாண்டும் இடத்திலும் ரப்பர் வளையம் வையுங்கள். நுழைவதற்கு முன் கேபிளைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு வளைத்தால் மழைநீர் வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது.
5. பாய்மரத்தின் அடியில் கூடுதலாக ஒரு சுருள் கேபிள் விடுங்கள். அடுத்த முறை பாய்மரம் இறக்கும்போது தேவைப்படும்.

வயரில்லாக் காற்று சென்சார்கள் உண்டு, இந்தத் தலைவலி முழுவதையும் தவிர்க்கலாம். ஆனால் அவற்றின் பேட்டரி போனால் மறுபடி ஏற வேண்டும். பாய்மரம் இறக்கவே போவதில்லை, உள்ளே வழியும் அடைபட்டிருக்கிறது என்றால் அதை வாங்குங்கள். மற்றபடி வயர்தான் என் தேர்வு.

## பேக்போன்

என்எம்இஏ 2000 ஒரே தெரு, அதில் பல வீடுகள். தெரு என்பது பேக்போன் கேபிள். ஒவ்வொரு வீட்டுக்கும் டி-கனெக்டரிலிருந்து ஒரு கிளை. இதற்கான விதிகளை மீறினால் கருவிகள் அப்படியே செத்துப்போவதில்லை, நினைத்த நேரத்தில் வந்து நினைத்த நேரத்தில் மறையும். கண்டுபிடிக்க அதைவிடக் கடினமான கோளாறு படகில் கிடையாது.

- தெருவின் இரு கோடியிலும் 120 ஓம் டெர்மினேட்டர் ஒவ்வொன்று. இரண்டே இரண்டு, குறையவும் கூடாது, கூடவும் கூடாது. சில காற்று சென்சார் கிட்டுகளில் டெர்மினேட்டர் உள்ளேயே இருக்கும், கையேட்டைப் பாருங்கள்.
- எந்தக் கிளையும் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. பாய்மர உச்சி அதைவிட உயரம். ஆகவே நேரடி என்எம்இஏ 2000 காற்று சென்சார் என்றால் பேக்போனையே பாய்மரத்துக்குள் ஏற்ற வேண்டும். அல்லது சென்சாரின் சொந்தக் கேபிளைக் கீழே ஒரு பெட்டியில் இணைத்து அங்கிருந்து வலைக்குள் கொண்டுவரும் வகையை வாங்க வேண்டும்.
- மெல்லிய வகை கேபிளில் பேக்போன் மொத்தம் 100 மீட்டர் வரை போகலாம். நம் படகுக்கு அதில் கால்வாசியே போதும்.
- ஒரு கிளையில் ஒரு கருவி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக் கூடாது.
- மின்சாரம் ஓரிடத்தில் மட்டும், தனி ஃபியூஸ் வழியாக. அளவு கிட்டில் எழுதியிருக்கும். ஷீல்டை எதிர்முனையோடு சேர்ப்பதும் அந்த ஒரே இடத்தில்தான்.

கேபிளை வெட்டி இணைக்க நேர்ந்தால் நிறங்கள் இவை: சிவப்பு நேர்முனை, கறுப்பு எதிர்முனை, வெள்ளையும் நீலமும் தகவல், வெறும் கம்பி ஷீல்டு.

டி-கனெக்டர்களை அடித்தளத்தில் நீர் தேங்கும் இடத்தில் போடாதீர்கள். கை எட்டும் உயரத்தில், அலமாரிக்குப் பின்னால், இரண்டு கூடுதல் டி-க்களோடு வரிசையாக அமையுங்கள். காலி டி-க்களுக்கு மூடி போடுங்கள்.

பேட்டரியிலிருந்து வரும் வயரின் தடிப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். கருவிகளுக்கான இழப்பு 3 சதவீதத்துக்குள், அதாவது 12 வோல்டில் 0.36-க்குள் இருக்க வேண்டும். எஞ்சினை முடுக்கும் நொடியில் கருவிகள் அணைந்து எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

## இப்போது டிஸ்பிளே

பழைய வட்டத் துளையும் புதியதும் ஒன்றாக இருந்தால் அதிர்ஷ்டம். பழையது பெரிதென்றால் துளையை ஒட்டுப்போடுவதைவிட, மூன்று கருவிகளையும் மூடும் ஒரே கறுப்பு அக்ரிலிக் பலகை வெட்டி, அதில் புதுத் துளைகள் போடுவது அழகாகவும் சீக்கிரமாகவும் முடியும். கருவியோடு வரும் அட்டை அச்சை ஒட்டி, மூடும் பக்கமெல்லாம் மூடுகிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். துளைக்குப் பின்னால் கையை விட்டு, அங்கே வேறு வயரோ தண்ணீர்க் குழாயோ இல்லை என்பதையும் உறுதி செய்யுங்கள்.

டிஸ்பிளேயோடு வரும் ரப்பர் வாஷரே போதும். அதன் மேல் சீலன்ட் பூசினால் அடுத்த முறை கழற்றும்போது உடைத்துத்தான் எடுக்க வேண்டும். திருகுகளைப் படிந்தபின் கால் சுற்றுக்கு மேல் இறுக்காதீர்கள்.

திசைகாட்டிக்கு ஒரு மீட்டருக்குள் புதிதாக எதை வைத்தாலும் அதன் முள்ளைக் கவனியுங்கள். கருவியை அணைத்து ஒரு முறை, போட்டு ஒரு முறை. அசைந்தால் இடம் மாற்ற வேண்டியதுதான். மின்னணுத் திசை சென்சாருக்கும் அதே விதி: எஞ்சின், இரும்பு, ஒலிபெருக்கி, தடித்த மின்வயர் இவற்றிலிருந்து விலகி, படகின் நடுவில், தாழ்வாக.

## முதல் முறை சுவிட்ச் போடும் முன்

1. மின்சாரம் இல்லாதபோது, காலி டி-யில் வெள்ளைக்கும் நீலத்துக்கும் இடையே ஓம் அளவைப் பாருங்கள். ஏறத்தாழ 60 வர வேண்டும். 120 என்றால் ஒரு டெர்மினேட்டர் இல்லை, அல்லது நடுவில் ஒரு கனெக்டர் பிடிக்கவில்லை. 40 என்றால் எங்கோ மூன்றாவது ஒளிந்திருக்கிறது.
2. சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று பாருங்கள்.
3. ஃபியூஸைப் போட்டு, முதலில் ஒரே ஒரு டிஸ்பிளே. அது எழுந்தபின் ஒவ்வொரு சென்சாராக மாட்டுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாட்டி ஒன்றும் வராவிட்டால் எங்கே தேடுவீர்கள்?
4. எல்லாம் வந்ததும் டிஸ்பிளேயின் மெனுவில் ஒவ்வொரு தகவலுக்கும் எந்தக் கருவியை நம்புவது என்று தேர்ந்தெடுங்கள். இரண்டு ஜிபிஎஸ் இருந்தால் இது முக்கியம்.
5. விஎச்எஃப் ரேடியோவின் திரையில் இருப்பிட எண்கள் வருகின்றனவா? இதைப் பார்க்காமல் கட்டைக் கழற்றாதீர்கள்.

## அளவு திருத்தம்

பொருத்தியதோடு வேலை முடிந்தது என்று விடுகிறவர்களே அதிகம். திருத்தாத கருவி பழைய, இருண்ட கருவியைவிட மோசம். இருண்டதை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆழம். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி உண்மையான ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு எதிலிருந்து ஆழம் காட்ட வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். சென்சார் நீர்மட்டத்துக்கு 0.4 மீட்டர் கீழே, கீலின் அடி 1.8 மீட்டர் கீழே என்று வைத்துக்கொள்வோம். நீர்மட்டத்திலிருந்து காட்ட +0.4 கொடுக்க வேண்டும். கீலுக்கு அடியில் எவ்வளவு மிச்சம் என்று காட்ட −1.4. இரண்டில் எது என்பதை டிஸ்பிளேக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். சுக்கான் பிடிக்கும் இருவர் ஒரே எண்ணை இரண்டு விதமாகப் படித்தால் படகு தரை தட்டும்.

வேகம். அமைதியான நாளில் எஞ்சினை ஒரே சீராக ஓட்டி, ஒரு திசையில் ஜிபிஎஸ் வேகம் பாருங்கள். அதே எஞ்சின் வேகத்தில் நேர் எதிர்த்திசையில் திரும்பி ஓட்டிப் பாருங்கள். ஒருபக்கம் 6 நாட், மறுபக்கம் 5 நாட் என்றால் நடுவில் இருப்பது 5.5. அதுதான் நீரில் உங்கள் வேகம், வித்தியாசம் நீரோட்டத்தின் வேலை. சக்கரம் இரண்டு பக்கமும் 5 காட்டியிருந்தால் திருத்தம் 1.10. மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்துவிடாதீர்கள். எதிரோட்டத்தில் அதிக நேரம் போவதால் விடை குறைவாக வரும்.

காற்று. முதலில் கையேட்டில் சொன்னபடி தட்டையான நீரில் மெதுவாக வட்டமடியுங்கள். பிறகு எஞ்சினில் காற்றுக்கு நேராக அணியத்தைத் திருப்பிப் பூஜ்யத்தைச் சரிபாருங்கள். கடைசியில் பாய் விரித்து, காற்றை எவ்வளவு நெருங்கி ஓடமுடியுமோ அவ்வளவு நெருங்கி இருபக்கமும் ஓடிப் பாருங்கள். வலப்பக்கக் காற்றில் 32, இடப்பக்கக் காற்றில் 38 என்று காட்டினால் முள் 3 பாகை விலகி மாட்டப்பட்டிருக்கிறது. மேலே ஏறிச் சரிசெய்ய வேண்டாம், மெனுவிலேயே திருத்தலாம்.

திசை. கடைசியாக இது. அலையில்லாத நீரில், எப்போதும் கடலில் ஓடும்போது போட்டிருக்கும் கருவிகளை எல்லாம் போட்டுக்கொண்டு, கையேடு சொல்லும் நிதான வேகத்தில் முழு வட்டங்கள் சுற்றுங்கள். காக்பிட்டில் இருக்கும் இரும்புச் சாமான்களை அதனதன் இடத்தில் வைத்துவிட்டுச் சுற்ற வேண்டும். முடிந்ததும் எட்டுத் திசைகளிலும் பழைய காந்தத் திசைகாட்டியோடு ஒத்துப்பார்த்து வித்தியாசத்தை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு திசையில் மட்டும் அதிகம் விலகினால் சென்சாருக்கு அருகே இரும்பு இருக்கிறது, தேடி எடுத்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். அதன் பிறகே ஆட்டோபைலட்டை இணைத்துச் சோதியுங்கள். முதலில் திசை பிடிக்கும் முறையில், பிறகு காற்றுக் கோணம் பிடிக்கும் முறையில். இரண்டிலும் கை சுக்கானுக்கு அருகிலேயே இருக்கட்டும், முன்னால் திறந்த நீர் இருக்கட்டும்.